கரையேறிய படகு

பாய்மரப் படகைப் பற்றிப் பேச வருகிறவர்கள் காற்றைப் பற்றிச் சொல்வார்கள். அலையைப் பற்றிச் சொல்வார்கள். பாயை எப்பொழுது இறுக்குவது, எப்பொழுது தளர்த்துவது என்று விளக்குவார்கள். ஆனால் பொழுதுபோக்குக்காக நாம் வைத்துக்கொள்ளும் சிறு படகு, தன் ஆயுளில் பெரும்பகுதியை நீரில் கழிப்பதில்லை, தரையில்தான் கழிக்கிறது. மும்பைத் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே படகோட்டும் பருவம் அக்டோபரில் தொடங்கி மே மாதத்தோடு முடிந்துவிடும். தென்மேற்குப் பருவமழை ஜூன் இரண்டாவது வாரத்தில் வந்து சேருமுன் சிறு படகுகள் கரையேறிவிட வேண்டும். பிறகு நான்கு மாதம் அவை தரையில் காத்திருக்கும். உடையவருக்கு வெளியூர் மாற்றல் வந்தாலோ, உடல்நலம் குன்றினாலோ, நான்கு மாதம் பதினாறு மாதமாகும். சில சமயம் ஆறு ஆண்டும் ஆகிவிடும்.

அவ்வாறு காத்திருக்கும் படகுகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். குறிப்பாக, காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் இரு சக்கர இழுவண்டியின்மீது நிற்கும் படகுகளைப் பற்றி. இந்த இழுவண்டியைப் படகுக்காரர்கள் எல்லோரும் டிரெய்லர் என்றே அழைக்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். ஹைதராபாத்தில் ஹுசேன் சாகர் கரையிலும், போபாலில் பெரிய ஏரியின் கரையிலும், புணேக்கு அருகே கடக்வாஸ்லாவிலும் ஒருவரோ இருவரோ ஓட்டும் இலேசான படகுகளைக் காணலாம். அவற்றைக் கையால் தள்ளும் சிறு வண்டியில் கரைக்குக் கொண்டுவந்து, கவிழ்த்து வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். கவிழ்க்க முடியாத எடையுள்ள படகுதான் தொல்லை கொடுப்பது.

அத்தகைய படகு ஒன்றை நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து வைத்திருக்கிறோம். இருபது அடி நீளம்; கண்ணாடி இழையால் ஆன உடல்; இருவர் படுக்கக்கூடிய சிறு அறை ஒன்று; அதற்குப் பின்னால் நால்வர் உட்காரும் திறந்த பள்ளம். நடுப்பலகையை மேலே தூக்கிக்கொள்ளலாம். ஆகையால் அது டிரெய்லரில் ஏறும். வெறும் படகின் எடை ஏறக்குறைய 700 கிலோ. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், சுக்கானைத் தாங்கும் கீல் ஒன்று தளர்ந்துவிட்டது என்று அதைக் கரையேற்றினோம். கீலை மாற்றிவிட்டு இரண்டு வாரத்தில் மறுபடி இறக்கிவிடுவதாக ஏற்பாடு. அலிபாகுக்கு அருகே நண்பர் ஒருவரின் தோட்டத்தில், நல்ல நிழலாக இருக்கிறதே என்று ஒரு மாமரத்தடியில் டிரெய்லரை நிறுத்தினோம். மேலே ஒரு நீலத் தார்ப்பாயைப் போட்டுக் கட்டினோம். படகின் அடியில் நீரை வடித்துவிடுவதற்கு ஒரு துளையும், அதை அடைக்க ஒரு தக்கையும் உண்டு. அந்தத் தக்கையைக் கழற்றவில்லை. இரண்டு வாரத்துக்கு எதற்குக் கழற்றுவது?

மார்ச் 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. படகுத்துறைக்குப் போவதிருக்கட்டும், தெருமுனைக்குப் போவதே அரிதாகிவிட்டது. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் தம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். ஜூன் 3ஆம் தேதி ‘நிசர்கா’ என்ற புயல் அலிபாகுக்கு அருகேதான் கரையைக் கடந்தது. மாமரம் விழவில்லை, அந்த மட்டில் எங்களுக்கு நல்ல காலம். தார்ப்பாய் கிழிந்து போய்விட்டது. அதன் பிறகு வந்த மழைக்காலம் முழுவதையும் படகு திறந்த வாயோடு ஏற்றுக்கொண்டது. நவம்பரில்தான் எங்களால் போய்ப் பார்க்க முடிந்தது.

கண்ட காட்சியை வருணிப்பதைவிடக் கணக்காகச் சொல்வது மேல். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீராகும். 1 லிட்டர் நீரின் எடை 1 கிலோ. எங்கள் படகின் திறந்த பள்ளம் ஏறக்குறைய 3 சதுர மீட்டர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்வது அந்தக் கரையில் பெரிய அதிசயமன்று. அது 300 கிலோ. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அப்படிப்பட்ட ஒரே நாளில் அந்தப் பள்ளத்தில் விழும் நீர் 3 டன்னுக்குச் சற்றே குறைவு. நீர் வடிந்து போகும் வழி திறந்திருந்தால் இதைப் பற்றிக் கவலையில்லை. எங்கள் பள்ளத்திலும் வடிகால்கள் இரண்டு இருந்தன. மாவிலைகள் இரண்டையும் அடைத்துவிட்டன. நீர் பள்ளத்தில் ஏறி, அறை வாசலைத் தாண்டி உள்ளே இறங்கி, படுக்கைப் பலகைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. அடித்தக்கையோ இறுகிப்போய் அசைய மறுத்தது. 15 லிட்டர் வாளியால் இறைத்தோம். எண்பது வாளி வரைக்கும் எண்ணினோம்; பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம்.

எண்பது வாளி என்றால் 1,200 கிலோ. 700 கிலோ படகின்மேல் அதன் எடையைப்போல ஒன்றேமுக்கால் பங்கு நீர்! டிரெய்லரோ ஒரு டன்னுக்குச் செய்யப்பட்டது. பின்பக்கத்து உருளைகள் இரண்டும் படகின் அடியை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு உள்ளே தள்ளியிருந்தன. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் நட்சத்திரம்போல் வெடிப்புகள். பட்டை ஸ்பிரிங் ஒன்று முறிந்திருந்தது. வலப்பக்கத்து டயர் காற்றிழந்து செம்மண்ணில் புதைந்திருந்தது. கடலில் பதினோரு ஆண்டுகள் அலையோடு போராடிய படகை ஒரு மழைக்காலம் தரையில் வைத்து உடைத்துவிட்டது.

இதில் புயலைக் குறை சொல்வதில் பயனில்லை. பிழை எங்களுடையது. இரண்டு வாரத்துக்கென்று வைக்கும் முறை வேறு, நெடுநாளுக்கென்று வைக்கும் முறை வேறு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் நெடுநாள் வைக்கப்பட்ட படகுகளைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். பலவும் சில நாளுக்கென்று வைக்கப்பட்டவையே.

இனி அடிப்படையான விஷயத்துக்கு வருவோம். படகு நீரில் மிதக்கும்போது அதன் எடை எங்கே தாங்கப்படுகிறது? நீரைத் தொடும் இடம் முழுவதும் தாங்கப்படுகிறது. 700 கிலோ படகு 700 லிட்டர் நீரை விலக்கிக்கொண்டு, அந்த நீரின் மடியில் எங்கும் பரவலாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு கைக்குட்டை அளவுள்ள பரப்பின்மீது விழும் அழுத்தம் மிகச் சிறியது. அதே படகை டிரெய்லரின்மீது ஏற்றினால், அந்த எடை முழுவதையும் நான்கு உருளைகளோ இரண்டு தாங்குபலகைகளோ ஏற்கின்றன. டிரெய்லர் வழிப்பயணத்துக்கான ஊர்தி, வாழ்விடமன்று. நான்கு மணி நேரப் பயணத்தில் படகின் அடி சற்றே அமுங்கினாலும் நீரில் இறங்கியதும் மீண்டுவிடும். பல மாதங்கள் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால், அதுவும் ஏப்ரல், மே வெயிலில் உடல் சூடேறிய நிலையில் அழுத்திக்கொண்டிருந்தால், கண்ணாடி இழை அந்தக் குழியையே தன் வடிவமாக ஏற்றுக்கொண்டுவிடும்.

ஆகவே நெடுநாள் நிறுத்தும்போது முதல் வேலை எடையைப் பகிர்ந்துகொடுப்பது. படகின் நட்டநடுவே முன்முனையிலிருந்து பின்முனை வரை ஓடும் அடிக்கட்டையை நம் மீனவர்கள் ‘ஏரா’ என்பார்கள். படகிலே மிக வலிமையான பகுதி அதுதான். எடை முழுவதும் ஏராவின்மேல் விழ வேண்டும். பக்கத்திலுள்ள தாங்குபலகைகள் படகு சாயாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. இது அமைந்துவிட்டதா என்று கண்டறிய எளிய வழி உண்டு. பக்கத் தாங்கிக்கும் படகுக்கும் நடுவே ஒரு கனத்த அட்டையை நுழைத்துப் பாருங்கள். சற்று முயற்சியோடு நுழைந்தால் சரி. நுழையவே இல்லையென்றால் பக்கம் பாரத்தைச் சுமக்கிறது என்று பொருள். பக்கத்தாங்கியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். படகின் உள்ளே குறுக்குச் சுவர்கள் இருக்கும். அந்தச் சுவர்களுக்கு நேர் வெளியே வைத்தால் உடல் அமுங்காது. சுவர்களுக்கு இடையே வைத்தால் அமுங்கும். நாங்கள் இப்போது உள்ளிருந்து அளந்து, வெளியே சிறு வெள்ளைக் கோடுகள் இட்டு வைத்திருக்கிறோம். படகின் பின்முனைக்கும் தாங்கல் வேண்டும். தாங்குபலகை பின்முனைக்கு ஓரடி முன்னதாகவே முடிந்துவிடும் டிரெய்லர்கள் பல உள்ளன. எஞ்சினும் பின்னால் தொங்கினால் அங்கே அடிப்பகுதி வளைந்துவிடும். அப்படி வளைந்த படகு பிறகு வேகமாக ஓடாது.

படகைக் கட்டியிருக்கும் பட்டைகளைப் பற்றியும் ஒரு சொல். சாலையில் போகும்போது முறுக்கி இறுக்கிய பட்டைகளை அப்படியே விட்டுவிடக் கூடாது. மாதக்கணக்கில் அவை படகை உருளைகளின்மேல் அழுத்திக்கொண்டேயிருக்கும். தளர்த்திவிட்டுச் சாதாரணக் கயிற்றால் அளவாகக் கட்டினால் போதும். ஆனால் டிரெய்லரின் சட்டத்தைத் தரையில் அறைந்த முளைகளோடு கட்டாயம் பிணைக்க வேண்டும். 2020இல் நிசர்கா வந்தது. அடுத்த ஆண்டே, 2021 மே 17ஆம் தேதி, ‘டௌக்தே’ புயல் மும்பைக் கரையை ஒட்டிச் சென்றது. மேற்குக் கரையில் புயல் அரிது என்ற பழைய நம்பிக்கையை நம்பிப் படகை விட்டுவைக்க முடியாது.

அடுத்தது டிரெய்லரைத் தூக்கி நிறுத்துவது. டயர்களின்மேல் பாரம் இருக்கக் கூடாது. அச்சுக்கு அடியில், சக்கரங்களுக்கு அருகிலேயே, இருபுறமும் முட்டுக் கொடுத்துச் சக்கரங்கள் தரையைத் தொடாமல் சுழலும்படி செய்துவிட வேண்டும். சட்டத்தின் நான்கு மூலைகளிலும் சாயாமலிருக்க முட்டு வேண்டும். முட்டுக்கு என்ன வைப்பது? மரக்கட்டை வைத்தால் நம் நாட்டில் கரையான் வரும். நடுவில் துளையுள்ள சிமெண்டுக் கற்கள் சட்டென்று நொறுங்கிவிடும். அவற்றை நம்பவே கூடாது. கெட்டியான கருங்கல் துண்டுகளோ முழுச் சிமெண்டுக் கற்களோ வைத்து, அவற்றின் தலையில் மட்டும் ஒரு பலகைத் துண்டு வைக்கலாம். மழைக்காலத்தில் செம்மண் குழைந்து போகும். ஆகையால் முட்டுக்கு அடியில் அகலமான கற்பலகை பரப்பிக்கொள்வது நலம். இதைச் செய்வதற்கு எங்களுக்கு ஓர் அரைநாள்தான் ஆகிறது.

சரிவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மற்றவை சொல்லிப் பயனில்லை. படகின் முன்முனை பின்முனையைவிட உயர்ந்திருக்க வேண்டும். அதுவும் பெயருக்கு உயர்ந்திருந்தால் போதாது, உள்ளே ஒரு குவளை நீரை ஊற்றினால் அது தங்காமல் பின்புறத் துளை வழியே வெளியேறும் அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும். ஊற்றிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். கண்மட்டம் ஏமாற்றும். அடித்தக்கையைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய துளையும் தானாகத் திறந்திருக்காது. மரத்தடியானால் இலை அடைக்கும். மரமில்லாத இடத்தில் குளவி மண்ணைக் கொண்டுவந்து அடைக்கும். சுண்டுவிரல் நுழையும் துளை கிடைத்தால் போதும், குளவிக்கு அது கட்டித்தந்த வீடு. துளையின்மேல் சிறு கம்பிவலை வைத்துக் கட்டினால் குளவியும் எலியும் வாரா. ஆனால் வலையின்மேல் குப்பை சேரும், அதைத் துடைக்க ஆள் வேண்டும். ஆளே தேவைப்படாத ஏற்பாடு ஒன்றை நாங்கள் இரண்டு ஆண்டுகள் யோசித்தோம். கிடைக்கவில்லை. நிற்கும் நீரில் கொசு வளரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகில் தேங்கிய நீருக்காக அக்கம்பக்கத்தார் நம்மைக் கோபித்தால் அது நியாயமே.

மேல்மூடியைப் பற்றி வெளிநாட்டுக் கைநூல்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. அவை குளிர்நாட்டாருக்காக எழுதப்பட்டவை. நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமனில் பெருகும். குழாயையும் எஞ்சினையும் பிளந்துவிடும். அங்கே அதுதான் பெரிய அச்சம். நம் நாட்டிலே மலையூர் ஏரிகள் சிலவற்றை விட்டால் அந்த அச்சம் இல்லை. நமக்குப் பகை இரண்டு: மழைக்கு முன்னே வரும் வெயில், மழையோடு வரும் புழுக்கம். மலிவான நீலத் தார்ப்பாய் ஒரு கோடை வெயிலைத் தாங்கினாலே பெரிது. கையால் இழுத்தால் நூல்நூலாகப் பிரிந்துவிடும். கனத்த பாய்த்துணியோ, நல்ல பூச்சிட்ட துணியோ வேண்டும். படகின்மேல் நீளவாட்டில் ஓர் உத்தரக்கழியைக் கட்டி, வீட்டுக் கூரைபோல் இருபுறமும் சரிவாக மூடியை விட வேண்டும். துணி தொய்ந்தால் அங்கே நீர் தேங்கும், தேங்கிய நீர் மேலும் தொய்க்கும், கடைசியில் கிழியும்.

மூடி படகைப் போர்த்தக் கூடாது, குடைபோல் நிற்க வேண்டும். முன்னும் பின்னும் காற்று புகுந்து வெளியேற வழி விட வேண்டும். இறுக்கிப் போர்த்திய படகை இரண்டு மாதம் கழித்துத் திறந்தால், உள்ளே மெத்தையிலிருந்து கயிறு வரை எல்லாவற்றின்மீதும் பூஞ்சணம் படர்ந்திருக்கும். அதோடு உப்பின் குணம் வேறு. மழைக்காலத்தில் சமையலறை உப்புஜாடி நீர் கசிவதை இல்லந்தோறும் அறிவார்கள். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொள்ளும். கடலில் ஓடிய படகின் மூலை முடுக்குகளில் எல்லாம் உப்பு படிந்திருக்கும். அதைக் கழுவாமல் மூடினால், எவ்வளவு நல்ல மூடியானாலும், படகு உள்ளேயே ஈரமாக இருக்கும். ஆகவே மூடுவதற்கு முன் நல்ல நீரால் உள்ளும் புறமும் கழுவி, இரண்டு நாள் வெயிலில் திறந்து போட்டு, மெத்தை, கயிறு, மிதவைச் சட்டைகள் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட வேண்டும். அறைக்குள்ளிருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்தே வைக்கலாம்.

இதுவரை சொன்னது கண்ணாடி இழைப் படகுக்கு. மரப்படகின் கதை நேர்மாறானது. இழைப்படகு எவ்வளவு உலர்ந்தாலும் நல்லதே. மரப்படகு மிகவும் உலர்ந்தால் பலகைகள் சுருங்கி, சந்துகள் விரியும்; நீரில் இறக்கியதும் எல்லாச் சந்தும் ஒழுகும்; மரம் நீரைக் குடித்து ஊறிப் பருத்த பிறகே ஒழுக்கு நிற்கும். எனவே நெடுங்கோடையில் நிழலில் வைத்து, ஈரச் சாக்குப் போட்டுக் காக்கிறார்கள். மழைநீர் தேங்கினாலோ மரம் மக்கும். உப்பு நீர் மரத்தை அவ்வளவு மக்கச் செய்வதில்லை. நல்ல நீர்தான் மக்கச் செய்கிறது. கொங்கணக் கரையில் கோலி மீனவர்கள் மழைக்கு முன் படகுகளைக் கரையேற்றிக் காபந்து செய்து, ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி வரும் நாரளிப் பூர்ணிமையன்று கடலுக்குத் தேங்காய் அளித்துவிட்டு மறுபடி தொழிலைத் தொடங்குவது வழக்கம். நம் சோழமண்டலக் கரையிலே கட்டுமரக்காரர்கள் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலரப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும் என்பதே காரணம். இன்று கட்டுமரங்கள் பெரும்பாலும் போய், இழைப்படகுகள் வந்துவிட்டன. ஒவ்வொரு நாளும் அவிழ்த்து உலர்த்திய அந்தப் பழக்கமும் அவற்றோடு போயிற்று.

டிரெய்லரையும் ஒரு தனி உயிராகவே கவனிக்க வேண்டும். பலர் படகைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டு டிரெய்லரை மறந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் படகு தயாராக இருக்கும், வண்டி நகராது. காரணம் பெரும்பாலும் சக்கரத்தின் பேரிங். சாலையில் ஓடிச் சூடேறிய சக்கரக் குடத்தைச் சரிவில் இறக்கிக் கடல்நீரில் அமிழ்த்துகிறோம். உள்ளேயிருக்கும் காற்று திடீரென்று குளிர்ந்து சுருங்கி, உப்புநீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த நீரோடு வண்டியை நிறுத்தினால் பேரிங்கின் எஃகு உருண்டைகளில் துரு பொத்தல் பொத்தலாக அரித்துவிடும். ஆகவே நிறுத்துவதற்கு முன் குடத்தைத் திறந்து, பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, புதிய கிரீஸ் அடைத்து மூடுவது மிக முக்கியம். மாதம் ஒருமுறை, தரையைத் தொடாத சக்கரத்தைக் கையால் நாலைந்து சுற்று சுற்றிவிட்டால் கிரீஸ் எல்லாப் பக்கமும் பரவும். பிரேக் உள்ள டிரெய்லரானால் கைப்பிரேக்கை இழுத்து வைக்கக் கூடாது, ஒட்டிக்கொண்டுவிடும்.

டயரை அதன் தேய்மானத்தால் மதிப்பது படகு டிரெய்லருக்குப் பொருந்தாது. ஆண்டுக்கு ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓடாத டயரில் தேய்மானம் எங்கிருந்து வரும்? அது வயதால்தான் அழிகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. வெயில் படாமல் சாக்கையோ துணியையோ கொண்டு மூடிவைத்தால் அதன் ஆயுள் சற்று நீளும்.

பாய்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல நீரில் அலசி, முற்றிலும் உலர்த்தி, தளர்வாகச் சுருட்டி வீட்டுக்குள் வையுங்கள். பாய்மரத்தைக் கிடத்திவைக்கும்போது மூன்று இடங்களில் தாங்கல் கொடுங்கள். இரண்டு மட்டும் கொடுத்தால் நடுவில் தொய்யும். அலுமினியப் பாய்மரத்தைப் பழைய கம்பளத்தில் சுற்றி வைப்பது ஒரு தவறான அன்பு. கம்பளம் உப்பையும் ஈரத்தையும் பிடித்துவைத்து, எஃகுக் கம்பிகள் படும் இடங்களில் அலுமினியத்தை அரித்துவிடும். உயரே ஓடும் கயிறுகளை உருவி எடுத்து, அவற்றின் இடத்தில் மெல்லிய நூற்கயிறு ஒன்றை ஓட விட்டுவைத்தால், திரும்பக் கோப்பது எளிது.

சிறு அவுட்போர்டு எஞ்சின் இருந்தால் நல்ல நீரை ஓடவிட்டுக் கழுவி, பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரில் எஞ்சிய பெட்ரோல் தீரும்வரை ஓட்டி நிறுத்த வேண்டும். நம் நாட்டில் இப்போது விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிஞ்சினால் இரண்டும் பிரிந்து அடியில் தங்கிவிடும். தொட்டியில் பழைய பெட்ரோலை வைத்துக்கொண்டு அடுத்த பருவத்தை எதிர்பார்ப்பதைவிட, அதைக் காரில் ஊற்றித் தீர்த்துவிடுவது மேல். கீழ்ப்பெட்டியின் எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. அதைப் பழுது பார்த்த பிறகே எஞ்சினை ஓய்வுக்கு அனுப்ப வேண்டும். பாட்டரியை முழு மின்னேற்றம் செய்து வீட்டுக்குக் கொண்டுபோய், மாதம் ஒருமுறை ஏற்றிக்கொண்டிருந்தால் போதும். ஏற்றம் இறங்கிய நிலையிலேயே கிடக்கும் பாட்டரி மீளாது.

இவ்வளவும் ஒரு நாளில் செய்துவிடக்கூடியவை. ஒரு நாளில் செய்ய முடியாதது ஒன்று உண்டு. அது போய்ப் பார்ப்பது. எங்கள் படகின் அறைக்கதவில் இப்போது ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கட்டியிருக்கிறோம். முதல் பெருமழை பெய்த மறுநாள் எங்களில் ஒருவர் போகிறோம். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. போனவர் தேதியையும், வடிகாலில் என்ன இருந்தது என்பதையும் எழுதிவிட்டு வர வேண்டும். “இலை.” “இலை.” “குளவிக்கூடு.” “ஒன்றுமில்லை.” இவ்வளவுதான் அந்தப் புத்தகத்தின் பொருளடக்கம். எங்களால் போக முடியாத மாதங்களில் தோட்டக்காரரே பார்த்து, செல்பேசியில் படமெடுத்து அனுப்புகிறார். அவர் சொல்லித்தான் மாமரத்தடியிலிருந்து படகை வெளியே கொண்டுவந்தோம். நிழல் போயிற்று, இலையும் போயிற்று. வெயிலுக்கு மூடி இருக்கிறது.

உடைந்த அடிப்பகுதியைச் சீராக்க ஒரு முழுப் பருவம் பிடித்தது. வெடிப்புகளை அகலமாகத் தேய்த்தெடுத்து, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் இழைத்துணியைப் பசையோடு அடுக்கடுக்காக ஒட்டி, உலர்த்தி, மீண்டும் தேய்த்து வண்ணம் பூசினோம். ஈரமான உடலில் பசை பிடிக்காது. உலர்வதற்கு மட்டுமே பல வாரங்கள் காத்திருந்தோம். எங்களில் மூத்தவர் 2021 கோடையில் பணி ஓய்வு பெற்று மும்பையை விட்டுச் செல்வதாக இருந்தார். அந்தப் பருவம்தான் அவருக்குக் கடைசிப் பருவமாக இருந்திருக்கும். அவர் அந்த மாதங்களில் ஞாயிறுதோறும் வந்து படகின் அடியில் படுத்துக்கொண்டு உப்புத்தாள் தேய்த்தார். பாய் விரித்துக் கடலுக்குப் போகாமலே ஊருக்குப் போனார். அவர் பங்கை விற்க எங்களுக்கு மனமில்லை, அவருக்கும் இல்லை.

அக்டோபர் வந்து படகை இறக்கும் நாளில் கடைசியாகச் செய்யும் காரியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கரையேற்றும்போது கழற்றிய அடித்தக்கையை ஒரு சிவப்புக் கயிற்றில் கோத்துச் சுக்கான் பிடியில் கட்டித் தொங்கவிடுகிறோம். சுக்கானைத் தொடுகிறவர் கையில் தக்கை இடிக்கும். போட மறக்க முடியாது. சரிவில் டிரெய்லரைப் பின்னோக்கி இறக்கி, படகு மிதக்கத் தொடங்கியதும், அதை டிரெய்லரோடு பிணைத்திருக்கும் முன்கயிற்றை உடனே அவிழ்ப்பதில்லை. ஒருவர் உள்ளே இறங்கி, அடிப்பலகையைத் தூக்கி, பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கிறார். பழுது பார்த்த அந்த இரண்டு இடங்களையும் கையால் தடவிப் பார்க்கிறார். உலர்ந்திருக்கிறது என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் கரையில் நிற்பவர் கயிற்றை அவிழ்க்கிறார்.